ராகு காலத்தில் ஒரு தொடை எலும்பு

ஜோசியர் வெள்ளியங்கிரி விழுந்த கதையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். ஆனைமலை ரோட்டில் யாரோ புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈசானிய மூலையில் படிக்கட்டு இருந்தால் குடும்பம் விளங்காது, இடித்துவிடுங்கள் என்று போன மாதம் அவர்களுக்குச் சொன்னது இவர்தான். அவர்களும் மறுபேச்சில்லாமல் இடித்துவிட்டார்கள். இந்த மாதம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனவர், மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய ஞாபகத்தில் அதே மூலை வழியாக இறங்கினார். அங்கே படி இல்லை.

வலது தொடை எலும்பு நடுவில் முறிந்து, கால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "அந்த மூலை ஆவாதுன்னு சொன்னனுங்களா இல்லீங்களா? இப்பப் பாருங்க!" என்றார். தான் சொன்னது பலித்துவிட்டதில் அவருக்கு அவ்வளவு வலியிலும் ஒரு திருப்தி.

நான் மரகதம். பொள்ளாச்சியில் உள்ள அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். கோபக்காரி என்று பேர். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் எலும்பு டாக்டர் அன்வர்தீன்.

தொடை எலும்பு முறிந்தவரை எப்போது அறுப்பது என்பதில் எலும்பு டாக்டருக்கும் மயக்க டாக்டருக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. அன்வருக்கு வந்த கையோடு எலும்புக்குள் கம்பியை இறக்கி முடித்துவிட வேண்டும். முறிந்த எலும்பு ஆடிக்கொண்டே கிடந்தால் அதன் உள்ளிருக்கும் கொழுப்பு கசிந்து ரத்தத்தில் ஏறும், நுரையீரலை அடைக்கும், மூளைக்கும் போகும். நிஜம்தான். ஆனால் ரத்தம் இழந்து, உடம்பு சில்லிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை மேஜையில் ஏற்றிக் கம்பியை இறக்கினால், அந்தக் கம்பியே கொழுப்பை நெட்டித் தள்ளி நுரையீரலுக்கு அனுப்பிவிடும். இதுவும் நிஜம்தான். சீக்கிரம் செய்தாலும் வம்பு, தாமதித்தாலும் வம்பு. நடுவில் எங்கேயோ சரியான நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் இரண்டு பேரும் தினமும் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

எங்கள் சத்தம் தாங்காமல் நிர்வாகம் ஒரு இயந்திரத்தை வாங்கிப் போட்டது.

சுவரில் பதித்த ஒரு திரை, நிதானமான ஒரு குரல், அவ்வளவுதான் இயந்திரம். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கேஸ்கள் அத்தனையையும், வாசல் முதல் வார்டு வரை உள்ள கேமராப் படங்கள் அத்தனையையும் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். நோயாளியின் ரத்தம், மூச்சு, சூடு எல்லாம் பார்த்து, இப்போது அறுக்கலாமா கூடாதா என்று அது சொல்லும். பச்சை எரிந்தால்தான் ஆபரேஷன் தியேட்டரின் வெளிக்கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் "காத்திருப்பது நலம்" என்ற ஒரே வாக்கியம். தானாகக் காரணம் சொல்லாது, எதிர்த்துப் பேச முடியாது, வீட்டை விட்டுப் போகவும் போகாது. நர்சுகள் அதற்கு மாமனார் என்று பேர் வைத்தார்கள்.

மாமனார் வந்த பிறகு நாங்கள் சண்டையே போடவில்லை. அன்வர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொன்னார். உயிருக்குப் போராடும் கேஸ்களெல்லாம் புது ரோட்டில் நேராகக் கோயம்புத்தூர் போய்விட்டன. மற்ற கேஸ்களுக்கு மாமனார் சொன்ன நேரத்தில் அறுத்தோம், எல்லாரும் நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளியங்கிரியை நாங்கள் நன்றாக அறிவோம். எங்கள் கேண்டீன் வாசலில் அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. எக்ஸ்ரே எடுத்த ஈரம் காய்வதற்குள் சொந்தக்காரர்கள் அவரிடம் ஓடுவார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இந்த நாளில் இத்தனை மணிக்கு அறுக்கலாம் என்று குறித்துக் கொடுப்பார். அதற்கப்புறம்தான் எங்களிடம் கையெழுத்துப் போட வருவார்கள். பிரசவ வார்டு இல்லாத ஆஸ்பத்திரியில் இவ்வளவு நல்ல நேரம் பார்த்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

அன்று அன்வருக்கு ஒரே குஷி. "ஜோசியரே, இன்னைக்கு நாள் எப்படி? பாத்துச் சொல்லுங்க, அப்புறமா கத்தி எடுக்கறேன்" என்றார்.

"நாளாவது மண்ணாவது! அறுங்க சாமி! உசுரு போவுது!"

நான் மூச்சைப் பார்த்தேன், ரத்தத்தைப் பார்த்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது, உடம்பு சூடாக இருந்தது. இன்றைக்கே கம்பி போட்டுவிடலாம். அன்வரும் அதையே சொன்னார். எங்கள் சரித்திரத்திலேயே முதல் முறையாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

மாமனார் சிவப்பைப் போட்டார். "காத்திருப்பது நலம்."

அன்வர் கதவை ஒரு உதை விட்டார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கட்டைவிரலுக்கு நானே ஐஸ் வைத்துவிட்டேன்.

"அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றார் அன்வர், நொண்டிக்கொண்டே. "நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு ரத்தத்துல பாத்திருக்கும்."

நானும் தலையாட்டினேன். சொல்லிவிட்டால் வெட்கம், சொல்லாவிட்டால் பொய்: எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. முடிவெடுக்க வேண்டியது நானில்லையே. காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தோம்.

மறுநாளும் சிவப்பு. சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது ஜோசியர் தன் மனைவி சுலோச்சனாவை விரட்டிக்கொண்டிருந்தார். "அந்த மிசினு எப்பெப்ப வேண்டாங்குதுன்னு கேட்டுட்டு வா, போ."

சுலோச்சனா போய்க் கேட்டுவிட்டு வந்தார். "நேத்துப் பூராவும் வேண்டாமாங்க. இன்னைக்கும் வேண்டாமாம், நாளைக்கும் வேண்டாமாம். நாளான்னைக்குக் காலையில சரிங்குது. ஆனா பத்தரைக்குள்ள முடிச்சுப்போடோணுமாம்."

வெள்ளியங்கிரியின் முகம் வெளிறிப்போயிற்று. விரல்களை மடக்கி எண்ணினார். "நேத்து அஷ்டமி. இன்னைக்கு நவமி. நாளைக்குக் கரிநாளு. நாளான்னைக்கு வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகு காலம் புடிச்சுக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங் டாக்டரம்மா, இது என்ற பஞ்சாங்கமுங்க!"

மாமனார் பார்ப்பது இவர் பஞ்சாங்கமாம்! நான் சிரித்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். லேசாகச் சூடு. வலியில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கரிநாள் காலையில் அவர் நிஜமாகவே உளறினார். அன்வரைப் பார்த்து, "மாப்ளே, பொண்ணு எப்ப வந்துச்சு?" என்றார். மூச்சு வேகமாக இருந்தது. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன், அக்குளில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கொழுப்பு நுரையீரலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. ஆடுகிற எலும்பை நிறுத்தாமல் இன்னொரு நாள் கிடத்தினால் ஆள் தேற மாட்டார்.

"என்னம்மணி, சரியாப் போயிருமுங்களா?" என்று சுலோச்சனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் நேராக மாமனார் முன்னால் போய் நின்றேன். இரண்டு வருஷத்தில் யாரும் அதை எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

"ஏன் வேண்டாங்கற? காரணத்தைச் சொல்லு."

"இன்று பொருத்தமான நாள் அல்ல" என்றது குரல்.

"நாளா? நோயாளியோட ரத்தத்துல என்ன கோளாறு?"

"ரத்தத்தைவிட நாள் முக்கியமானது. இத்தகைய நாட்களில் இங்கு அறுவை செய்யப்பட்டோரில் பெரும்பாலோர் இறந்துள்ளனர்."

எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற அன்வரின் சட்டையைப் பிடித்தேன்.

"அன்வர், மாமனார் வர்றதுக்கு முன்னால, அஷ்டமி நவமியில நாம யாரை அறுத்திருக்கோம்?"

"எவன் ஒத்துக்குவான்? லாரியில அடிபட்டு, இப்பவோ அப்பவோன்னு வந்தவங்களை மட்டுந்தான்."

"அவங்கள்ல எத்தனை பேரு பொழைச்சாங்க?"

"விரல் விட்டு எண்ணிரலாம்" என்றார் அன்வர்.

"நல்லா இருக்கறவங்க அத்தனை பேரும் ஜோசியர் குறிச்ச நேரத்துல வந்தாங்க, நடந்து வீட்டுக்குப் போனாங்க" என்றேன். "சாகப் போறவங்க மட்டும் கெட்ட நேரத்துல வந்தாங்க. இந்த முண்டம் எல்லாத்தையும் பாத்துட்டு, ஆளைக் கொல்றது அஷ்டமிதான்னு முடிவு கட்டிருச்சு. இத்தனை நாளா நமக்குத் தெரியல, ஏன்னா கெட்ட நாள்ல அறுங்கன்னு இந்த ஊர்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. மொதல்ல கேட்டது ஜோசியர்தான்!"

"அடப்பாவி!" என்றார் அன்வர். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "கோயம்புத்தூருக்கு அனுப்பிருவமா?"

"இந்த மூச்சோட, ஆடற காலோட, அந்த ரோட்டுலயா? வழியிலேயே போயிருவாரு." மறுபடியும் திரையைப் பார்த்துக் கேட்டேன். "சரி, இன்னைக்கே செஞ்சாகணும். ஆபத்து குறைய என்ன வழி?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "பிரதான வாசலில் உருண்டையான, பழுப்பு நிறப் பொருள் ஒன்று தரையில் உடைக்கப்படுமானால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு நேர் மேலே ஒரு கேமரா இருக்கிறது. கெட்ட நேரத்தில் அறுத்தே ஆக வேண்டும் என்றால், கொஞ்சம் அவகாசம் கிடைத்த குடும்பம் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரும். தேங்காய் உடைக்க அவகாசம் இருந்தது என்றால் நோயாளி அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். மாமனாருக்கு அந்த அர்த்தமெல்லாம் எங்கே தெரியும்? தேங்காய் உடைந்தால் ஆள் பிழைக்கிறான், அவ்வளவுதான் அது கற்ற வைத்தியம்.

"தேங்காய்!" என்று கத்திக்கொண்டு அன்வர் கேண்டீனுக்கு ஓடினார். சுற்றிலும் எட்டுத்திசையும் தென்னந்தோப்பு உள்ள பொள்ளாச்சியில், அந்த நேரத்தில், கேண்டீனில் இருந்தது ஒரு குண்டான் சட்னி மட்டும்.

சுலோச்சனாதான் தன் ஒயர்கூடையைத் திறந்தார். "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா ஒடைக்கறதா வேண்டியிருந்தனுங்க. மொதல்லயே ஒடைச்சாப் பிள்ளையாரு கோவிச்சுக்குவாரா?"

"நான் சொல்லிக்கறேன், குடுங்க!" என்று அன்வர் வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "எங்க அத்தா பாத்தா தோலை உரிச்சிருவாரு" என்று முணுமுணுத்தபடி ஓங்கித் தரையில் அடித்தார். தேங்காய் உடையவில்லை. குதித்து, படியில் உருண்டு, நின்றுகொண்டிருந்த ஆம்புலன்சுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. ஊரிலேயே பெரிய எலும்பு டாக்டர், வெள்ளைக் கோட்டோடு தரையில் படுத்துத் தேங்காயைத் துழாவுவதை வெளிநோயாளிகள் வரிசை முழுவதும் வேடிக்கை பார்த்தது.

சுலோச்சனா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "எலும்பு டாக்டருங்கறீங்க, ஒரு தேங்கா ஒடைக்கத் தெரியலீங்களே!" ஒரே போடு. சில்லு சில்லாகத் தெறித்தது.

உள்ளே பச்சை எரிந்தது. கதவு திறந்தது. "முழு அறுவையும் செய்யலாம். ஆபத்து மிகக் குறைவு" என்றார் மாமனார், குளிர்ந்துபோய்.

அன்வர் கை கழுவ ஓடினார். நான் குறுக்கே நின்றேன். "உள்ள கம்பி விடக்கூடாது."

"என்ன சொல்றீங்க? பச்சை போட்டிருக்கே!"

"தேங்காய்க்குப் போட்ட பச்சை அது! ரெண்டு நாள் முன்னாடின்னா கம்பி போட்டிருக்கலாம். இப்ப அவரு நுரையீரல் தாங்காது. கம்பி எறக்கினா இருக்கற கொழுப்பும் போய் அடைச்சுக்கும்."

"அப்ப எலும்பை ஆட விடச் சொல்றீங்களா?"

"வெளியிலேருந்து சட்டம் போட்டு நிறுத்துங்க. நாலு ஆணி, ரெண்டு தண்டு. சீக்கிரம் முடிச்சுட்டு வெளிய வந்துருங்க. மூச்சு தேறட்டும், கம்பியை அப்புறம் போட்டுக்கலாம்."

"ரெண்டு தடவை அறுக்கணுமா? சீழ் வெச்சா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு! செத்தா யார் பொறுப்பு?"

வராந்தா அதிர்ந்தது. நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பாதிச் சண்டையில் அன்வர் நிறுத்தி, கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்த வெள்ளியங்கிரியின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. வெளிச்சட்டம்" என்றார்.

ஜோசியர் பிழைத்துக்கொண்டார். சில நாள் வாயில் மூச்சுக் குழாயோடு கிடந்து, பிறகு கண்ணைத் திறந்து, முதல் காரியமாக என்ன கிழமை என்று கேட்டார். நுரையீரல் தெளிந்த பிறகு, இன்றைக்கா நாளைக்கா என்று இன்னொரு சண்டை போட்டு, கம்பியையும் போட்டோம். அப்போது பார்த்து ராகு காலம். இந்தத் தடவை சுலோச்சனா ஒரு மூட்டைத் தேங்காயோடு தயாராக வந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மாமனாரை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அம்மாவைக் கூப்பிட்டு நான் கத்தினேன்.

"அழிச்சுற முடியாதுங்க மேடம்" என்றார் அவர் பரிதாபமாக. "அது கத்துக்கிட்டது ஒரே எடத்துல இருக்காது, எல்லா எடத்துலயும் ஊறிப்போயிருக்கும். புதுசாத்தான் கத்துக் குடுக்கணும். நல்லா இருக்கற நோயாளிங்களைக் கெட்ட நேரத்துல அறுத்துக் காட்டுங்க. அவங்க பொழைக்கறதைப் பாத்துப் பாத்து அதுவே திருந்தும்."

நல்ல யோசனைதான். ஆனால் ராகு காலத்தில் அறுத்துக்கொள்ள எங்கள் ஊரில் யார் வருவார்கள்? யார் சொன்னால் கேட்பார்கள்? ஒரே ஒருவர் சொன்னால்தான் கேட்பார்கள். அவர் ஊன்றுகோலோடு வார்டில் நடை பழகிக்கொண்டிருந்தார்.

"என்ற பொழப்பே போயிருமுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "இத்தன வருசமா ஆவாதுன்னு சொன்ன வாயாலயே ஆவும்னு சொல்றதுங்களா? காறித் துப்புவாங்க."

"நீங்க சொன்ன நேரந்தான் உங்களையே கொல்லப் பாத்துச்சு" என்றேன். "அடுத்து வர்றவங்களுக்கு உங்களாட்டம் அதிர்ஷ்டம் இருக்குமா?"

அவர் கேண்டீன் வாசலுக்கு நொண்டிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனுஷன் கெட்டிக்காரர். வாயால் மட்டும் சொல்லவில்லை, வேட்டியை விலக்கித் தையலைக் காட்டியே சொன்னார். "மத்ததுக்கெல்லாம் ஆவாதுங்க. ஆனா எலும்புக்கு ராகுதான் அதிபதி. கரிநாள்ல சட்டம் போட்டாங்க, ராகு காலத்துல கம்பி போட்டாங்க. இதா, நடக்கறேனுங்களா இல்லீங்களா?" எந்த சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முதலில் ஒரு விவசாயி, கதவைத் திறக்க ஒரு தேங்காயோடு, தைரியமாக வந்தார். அப்புறம் அவர் மைத்துனர். அப்புறம் அவர்கள் தெரு.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வருஷம் திரும்புவதற்குள் உடுமலைப்பேட்டை வரை செய்தி பரவி, ராகு காலத்துக்குத் தியேட்டர் கிடைக்காமல் அடிதடியே நடந்தது. மற்ற நேரங்களில் நாங்கள் ஈ ஓட்டினோம். நல்லா இருந்தவர்கள் அத்தனை பேரும் ராகு காலத்தில் வந்தார்கள், நடந்து வீட்டுக்குப் போனார்கள். மற்ற நேரத்தில் வந்தது கோயம்புத்தூர் வரை தாங்காதவர்கள் மட்டும், அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு டீச்சரைக் கொண்டுவந்தார்கள். மூச்சு சீராக இருந்தது. பொழுது அமிர்த யோகம், பஞ்சாங்கப்படி இதைவிட நல்ல நேரம் கிடையாது.

சிவப்பு. "ராகு காலம் வரை காத்திருப்பது நலம்."

மாமனாருக்கு இப்போது அந்தப் பேர்கூடத் தெரிந்துவிட்டது. நானும் அன்வரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டோம். டீச்சரின் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துப் பயந்துபோனார்.

ஆனால் கதவு திறந்துதான் இருந்தது. முந்தின நாள் ராகு காலத்துக் கடைசி ஆபரேஷன் முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, அது மூடிக்கொள்ளாமல் இருக்க அன்வர் ஒரு முழுத் தேங்காயை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். உள்கதவு தனியாக இருப்பதால் தியேட்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை. நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது. நாங்கள் பதில் போடவில்லை. அந்தத் தேங்காய் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, வாடினால் சுலோச்சனா மாற்றிவிடுகிறார்.

"இப்பவே கம்பி போட்டுறலாம்" என்றார் அன்வர்.

"ரத்தம் எவ்வளவு போயிருக்குன்னு பாத்தீங்களா? கை எப்படிச் சில்லுனு இருக்கு? ரெண்டு பாட்டில் ஏத்தி, சூடு பண்ணி, அப்புறந்தான்" என்றேன்.

"அதுக்குள்ள கொழுப்பு ஏறிரும்!"

"இப்பப் போட்டா நீங்களே ஏத்தி விட்டுருவீங்க!"

டீச்சரின் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கேண்டீன் வாசலுக்கு ஓடினார். எங்கள் சத்தம் அங்கே வரைக்கும் நன்றாகவே கேட்கும்.

"ஜோசியரே, நேரம் பாத்துச் சொல்லுங்க! எப்ப ஆபரேசன் பண்ணச் சொல்றது?"

வெள்ளியங்கிரி பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. ஊன்றுகோலில் தாடையை வைத்துக்கொண்டு வராந்தாப் பக்கமே கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாராம்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க சாமி" என்றாராம். "அவுங்க ரெண்டு பேரும் சண்டைய நிறுத்தட்டும். அதுதானுங்க நல்ல நேரம்."